பெண்ணுறை: மார்க்கமும் மருத்துவமும்

 

அடுத்த பிள்ளையைச் சிறிது காலம் தாமதிக்க விரும்பும் தம்பதியர் பெண்ணுறையைப் பயன்படுத்தலாமா? மஸ்கெலியாவில் இதைப் பலர் கேட்கத் தயங்குகின்றனர். மார்க்கத்தைக் கற்பதில் அன்ஸாரிப் பெண்கள் வெட்கப்படவில்லை என்று ஆயிஷா நாயகி (ரழி) அவர்கள் பாராட்டியிருக்க, நாம் ஏன் தயங்க வேண்டும்?

நபிகளார் (ஸல்) காலத்தில் ஸஹாபாக்கள் 'அஸ்ல்' செய்தனர் என்பதை ஜாபிர் (ரழி) அவர்களின் அறிவிப்பு புஹாரி, முஸ்லிம் இரண்டிலும் எடுத்துரைக்கின்றது. விந்து கருப்பையை அடையாது தடுப்பதே அஸ்லின் நோக்கம். பெண்ணுறையும் அதையே செய்கின்றது. எமது ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், மனைவியின் உயிரைக் காப்பதையும் அஸ்லுக்கான நியாயமான காரணங்களுள் ஒன்றாக எழுதியுள்ளார்கள். 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, இருவரும் கலந்தாலோசித்து, தீங்கின்றித் தற்காலிகமாகப் பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்தலாம் என்றது. அவசியமின்றி நிரந்தரமாகக் கருவளத்தை நீக்குவதையும், பொதுச் சட்டத்தால் பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்துவதையும் அது அனுமதிக்கவில்லை. 1980இல் எமது நாட்டில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசு பணம் வழங்கத் தொடங்கியதைக் கண்ட மலையகத்தாருக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. வறுமையில் இருப்பவரிடம் பணத்தைக் காட்டிப் பெறும் சம்மதம் எத்தகைய சம்மதம்?

எனவே, கணவன் மனைவிக்கிடையே பெண்ணுறை ஆகுமானதே. பொருத்தமானதா என்பது வேறு கேள்வி.

இரு முனைகளிலும் வளையமுள்ள மெல்லிய உறை இது. உள் வளையம் கருப்பை வாயருகே அமரும். வெளி வளையம் வெளியே நிற்கும். பரவலாகப் பயன்படும் வகை நைட்ரைலால் ஆனது. ஆகவே அந்த வகை இறப்பர் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் ஏற்றது. பாலியல் நோய்களிலிருந்தும் பாதுகாப்புத் தரும். ஒரு தடவை மாத்திரமே பயன்படுத்த வேண்டும்; ஆணுறையுடன் சேர்த்து அணிந்தால் உராய்ந்து கிழியலாம். வழமையான பாவனையில் ஓராண்டில் 100 பெண்களுள் ஏறத்தாழ 21 பேர் கருவுறுவர். ஆணுறையில் 13 பேர். தவறின்றிப் பயன்படுத்தினால் இவை 5, 2 எனக் குறையும்.

இந்த எண்ணிக்கையைக் கவனியுங்கள். பிள்ளைகளுக்கிடையே இடைவெளி மட்டும் விரும்பும் வீட்டார்க்கு இது போதும். இதயநோய் போன்றவற்றால் கர்ப்பமே உயிருக்கு ஆபத்து என்று வைத்தியர் எச்சரித்த சகோதரி இதை மட்டும் நம்பியிருப்பது சரியன்று என்பதே எனது கருத்து. அவருக்கு உறுதியான முறையொன்றை வைத்தியரே தெரிவு செய்யட்டும்.

எனினும் இதில் ஒரு நன்மையுண்டு. ஊசி போட்டுக்கொள்ளும் பெண்கள் சிலருக்கு இரத்தம் ஒழுங்கின்றிக் கசியும். அது ஹைழா, இஸ்திஹாழாவா என்ற குழப்பத்தில் தொழுகை தவறும். பெண்ணுறையில் ஹோர்மோன் இல்லையாதலால் மாதவிடாய் மாறாது, தாய்ப்பாலும் பாதிக்கப்படாது.

அரச கிளினிக்குகளில் மாத்திரை, ஊசி, லூப், ஆணுறை ஆகியவை வழமையாகக் கிடைக்கும். பெண்ணுறை அரிது, விலையும் கூட. மருத்துவ மாதுவிடம் கேட்டறிந்து, கிடைக்காவிடின் ஆணுறையைத் தெரிவு செய்யலாம், சட்டம் ஒன்றே.

இன்னொன்று: உறை இடையில் இருந்ததால் குளிப்புக் கடமையில்லை என்று சில வாலிபர்கள் எண்ணுகின்றனர். எமது மத்ஹபில் உறை இருப்பினும் குளிப்புக் கடமையே. மலைக் குளிராயினும் ஸுபஹுக்கு முன் தண்ணீர் காய்ச்சத்தான் வேண்டும்.