சாளக்கிராமத்தின் சக்கரம்

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "தலைமுறை தலைமுறையாக எங்கள் வீட்டில் திருவாராதனம் கண்டருளும் சாளக்கிராமத்தைக் கடல் நத்தை என்கிறான் என் பேரன். இது உண்மையா?"

பேரன் சொன்னதில் பாதி சரி. கடலுயிர்தான், ஆனால் நத்தை அல்ல. கணவாய்க்கு உறவான, ஓடுள்ள அம்மோனைட். நேபாளத்தில் சாளக்கிராமம் கிடைக்கும் காளி கண்டகி ஆறு அரித்துச் செல்லும் கரிய களிப்பாறை, சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் டெதிஸ் கடலடியில் படிந்த சேறு. இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதியபோது அந்தக் கடலடி இமயமாக எழுந்தது. திருமங்கையாழ்வார் பாடிய திவ்ய தேசம் இருக்கும் அந்த மலைநாட்டில் கடலுயிர் கிடைப்பது அதனால்தான்.

மடிந்த உயிரைச் சேறு மூடினால் அது கல்லாகும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். இங்கே நடந்தது இன்னும் நுட்பமானது. காற்றோட்டமில்லாத சேற்றில் உடல் அழுகியபோது, அதைச் சுற்றித் தாதுக்கள் திரண்டு சேற்றை உருண்டையாக இறுக்கின. ஓடு கரைந்துபோன இடங்களிலும் அதன் அச்சு அழியவில்லை. சிலவற்றில் இரும்புக் கந்தகமான பைரைட் படிந்து பொன்போல மின்னுகிறது. நாம் சக்கரம் என்று வணங்குவது அந்தச் சுருளின் பதிவு.

அம்மோனைட்டின் ஓடு பல அறைகள் கொண்டது. கடைசி அறையில் மட்டும் பிராணி வசித்தது. மற்ற அறைகளில் இருந்த வாயு அதை மிதக்க வைத்தது. அறைச் சுவர் வெளியோட்டைத் தொடும் விளிம்பு நேர்கோடாக இராது; மடிந்து, கிளைத்து, பல்பல்லாக வளையும். நம்மூர்த் தறியில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் ஓட்டிக் கோர்வை போடும்போது, இரண்டும் சேரும் இடத்தில் பல் விழுமே, அப்படி. இனத்துக்கு இனம் அந்தக் கோடு மாறும். அம்மோனைட் இனங்கள் விரைவாக மாறி மறைந்தவை என்பதால், ஒரு பாறையில் எந்த இனம் இருக்கிறது என்று கண்டால் பாறையின் வயது தெரிந்துவிடும்.

அம்மோனைட்டைக் காண நேபாளம் போகவும் வேண்டாம். அரியலூரின் கிரிட்டேசியஸ் காலக் கடல் படிவுகளில் அம்மோனைட்கள் ஏராளம். 1860களிலேயே தொல்லுயிரியலாளர் ஸ்டோலிச்கா அவற்றை விவரித்து எழுதினார். நமக்கு இன்னும் பக்கத்தில், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரப் பாறைகளில் டைனோசர் காலத்துத் தாவரங்களின் இலைகள் பதிந்துள்ளன. கார் ஆலைகளுக்காக அந்த ஊரை அறிந்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சிமெண்டாகிறது; அதோடு தொல்லுயிர்ச் சுவடுகளும் அரைபடுகின்றன. பார்க்க வருகிறவர்களும் அழகானதைப் பெயர்த்துப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாத சுவடு தன் சாட்சியில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. கோயில் கல்வெட்டைப் பெயர்த்து வீட்டு முற்றத்தில் பதிக்க நமக்கு மனம் வருமா?

அம்மா, உங்கள் பூஜை தடையின்றி நடக்கட்டும். கல்லின் வயது தெரிந்தால் பக்தி கூடுமே தவிரக் குறையாது. பேரனை அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள். வழியில் எங்காவது சுருள் பதிந்த கல்லைக் கண்டால் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொண்டு அருங்காட்சியகத்தாரிடம் சொல்லுங்கள். கல்லை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.