2038-க்கு முன் மாற வேண்டிய கடிகாரம்

1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னே நகர்ந்தது. ஈப்போ நகரிலும் தோட்டங்களிலும் எல்லாக் கடிகாரங்களையும் திருப்பி வைக்க வேண்டியிருந்தது. கணினி உலகில் அதுபோன்ற வேலை ஒன்று 2024-இல் நடந்தது.

பழைய 32 பிட் முறையில், கணினி 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளை எண்ணி நேரத்தை அறிகிறது. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,147,483,647. நம் நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 11.14-க்கு அது நிறைந்துவிடும். அடுத்த விநாடியே தேதி 1901-க்குத் தாவும்.

64 பிட் எண்ணுக்கு மாறினால் தீர்ந்தது. ஆனால், பல செயலிகள் 'பகிர்வு நூலகம்' எனும் பொது நிரலை நம்பியே இயங்குகின்றன. நூலகம் நேரத்தை 8 பைட்டில் கொடுக்க, செயலி 4 பைட்டை எதிர்பார்த்தால் கணக்கு தவறும். செயலி நின்றும் போகலாம்.

ஆகவே, 'டெபியன்' எனும் இலவச இயங்குதளத்தின் தன்னார்வலர்கள் நூலகப் பொதிகளுக்குப் புதுப் பெயர் சூட்டினர். 'லிப்எஸ்எஸ்எல்3' என்பது 'லிப்எஸ்எஸ்எல்3டி64' ஆனது. பழைய பெயரைத் தேடும் செயலி 32 பிட் கணினியில் புதிய நூலகத்தோடு சேராது. பிறகு அடித்தள நூலகம், அதை நம்பும் நூலகம், கடைசியில் செயலி என வரிசையாக ஆயிரக்கணக்கான பொதிகளை மறுபடியும் உருவாக்கினர்.

இன்டெலின் 32 பிட் பிரிவை மட்டும் அவர்கள் மாற்றவில்லை. மூலநிரல் கிடைக்காத பழைய செயலிகளை மறுபடி உருவாக்க வழியில்லை. அவை பழைய நூலகத்தை நம்பியே இருக்கின்றன.

2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-இல் இம்மாற்றம் இடம்பெற்றது. இன்று முதலாம் படிவத்தில் இருக்கும் மாணவர்கள் 2038-இல் வேலைக்குச் சென்றிருப்பார்கள். அதற்குள் மாற்றப்படாத கருவிகளைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலையாகவும் இருக்கலாம்.