தீவகத்தின் அடிக்குறிப்புகள்

எழுவைதீவுச் சனம் யாழ்ப்பாணம் போவதென்றால் படகேறி ஊர்காவற்றுறையில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். வேலணை கழிந்து, பண்ணைப் பாலத்துக்கு முன்னால் வரும் ஊர் அல்லைப்பிட்டி. ‘கொரில்லா’ எழுதிய ஷோபாசக்தியின் ஊர் அதுதான்.

‘கொரில்லா’ போன்ற பின்நவீனத்துவ நாவலா, அது படித்து ஓய்ந்தவர்களின் விளையாட்டு என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அதற்குக் காரணமும் உண்டு. ஜூலியன் பார்ன்ஸ் 1984இல் எழுதிய ‘ஃபிளாபேரின் கிளி’யில், மனைவியை இழந்த ஓர் ஆங்கிலேய மருத்துவர், பிரெஞ்சு எழுத்தாளர் ஃபிளாபேரின் மேசையில் இருந்த பாடம் செய்த கிளி எது என்று தேடித் திரிகிறார். ஃபிளாபேரின் ஒரே வாழ்க்கைக்கு மூன்று காலவரிசைகள், ஓர் அகராதி, பரீட்சை வினாத்தாள்கூட உண்டு. ஆனால் அந்த மருத்துவரின் மனைவி தற்கொலை செய்துகொண்டவர். அதைச் சொல்ல வாய் வராமல்தான் மனிதர் ஃபிளாபேரைச் சுற்றுகிறார். அந்தத் துக்கம் பிடிபட்டதும் விளையாட்டு என்ற எண்ணம் போய்விடுகிறது.

2001இல் வந்த ‘கொரில்லா’ பிரான்ஸில் கொடுக்கப்படும் அகதி விண்ணப்பமாகத் தொடங்குகிறது. பட்ட பாடெல்லாம் இலக்கமிட்ட பந்திகளில் வருகிறது. விண்ணப்பதாரியின் பெயர் அந்தோனிதாசன். ஷோபாசக்தியின் இயற்பெயரும் அதுவே. பிறகு குஞ்சன்வயல் கிராமம், ‘கொரில்லா’ என்று ஊர் அழைக்கும் முரட்டுத் தகப்பன், இயக்கத்துக்குப் போகும் மகன் ரொக்கி ராஜ். பக்கத்தின் அடியில் வரும் குறிப்புகள் நிஜ அரசியலைக் கதைக்குள் இழுத்துவருகின்றன.

வினாத்தாளைப் பார்ன்ஸ் தாமே தேர்ந்தெடுத்தார். அகதி விண்ணப்பத்தை நம்மவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. திகதி பிசகாமல், ஒழுங்குபட எழுதிக் கொடுத்தால்தான் உன் துன்பத்தை நம்புவேன் என்று ஓர் அலுவலகம் கேட்டது. நம் தலைமுறையில் ஆயிரக்கணக்கானோர் எழுதிய முதல் ‘கதை’ அதுதான். அதை நாவலாக்கத் துணிந்தது தமிழுக்குக் கிடைத்த பெரும் பேறு என்றே நினைக்கிறேன்.

இப்படி வடிவத்தை உடைப்பதற்கும் முன்னோடி இந்தத் தீவகத்திலேயே உண்டு. வேலணையிலிருந்து தாம்போதி வழியே போனால் புங்குடுதீவு. அந்த ஊர் ஆசிரியர் மு. தளையசிங்கம், கதை, கவிதை, கட்டுரை என்ற தடுப்புகள் உடைய வேண்டும் என்று எண்ணி, ‘மெய்யுள்’ என்றொரு புது வடிவத்தை முன்வைத்தார். ஐரோப்பியர் பலர் உண்மை என்ற ஒன்றையே சந்தேகித்து வடிவத்தை உடைத்தார்கள். இவரோ உண்மையை முழுதாகச் சொல்லவே உடைத்தார். எழுத்தோடும் நிற்கவில்லை. 1971இல், ஒடுக்கப்பட்ட மக்கள் கோயில் கிணற்றில் நல்ல தண்ணீர் அள்ளும் உரிமைக்காகப் போராடிப் பொலிஸிடம் அடிவாங்கினார். 1973இல், நாற்பதை எட்டாமலே இறந்தார்.

நடுவயது அறிவாளி தன் வாழ்வைத் திரும்பிப் பார்ப்பது ஆங்கில நாவலுக்கு வாய்த்த வசதி. அந்த வயது வரை ஆட்களை விட்டுவைக்காத மண்ணில் நாவலின் வடிவமும் அவசரமாகத்தான் பிறக்கும். ‘கொரில்லா’ 2008இல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. அதுவும் தளையசிங்கத்தின் எழுத்துகளும் எழுவைதீவு, அனலைதீவுப் பிள்ளைகளின் கைக்கெட்டும் நூலக அலுமாரிகளில் இருந்தாக வேண்டும். உயர்தரத்தில் தமிழ் படிக்கும் பிள்ளை, பஸ்ஸில் தான் தாண்டிப்போகும் ஊரிலிருந்தும் பக்கத்துத் தீவிலிருந்தும் இவை வந்தன என்று அறிந்து வாசிக்கட்டும்.