எஞ்சின் ‘தண்ணி அடிக்குதா?’

வள்ளத்தை அலைக்குள் தள்ளி, கயிற்றை இழுத்து எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும், குளச்சல், முட்டம் பக்கத்து மீனவர்களின் கண் எஞ்சினின் பின்பக்கம்தான் போகும். அங்கே ஒரு சின்னத் துளையிலிருந்து நூல் பிடித்தாற்போலத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். ‘தண்ணி அடிக்குதா?’ என்று அணியத்தில் இருப்பவர் குரல் கொடுத்தால் தப்பாக நினைக்க வேண்டாம். அது எஞ்சினைப் பற்றிய கேள்வி!

ஃபைபர் வள்ளத்தில் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. கடல் நீரை உறிஞ்சித்தான் அது உடம்பைக் குளிர்வித்துக்கொள்கிறது. உறிஞ்சுவது, தண்டுப் பகுதிக்குள் சுழலும் இம்பெல்லர் என்ற ரப்பர் சக்கரம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதன் இறகுகள் தேய்ந்தால் பீய்ச்சும் தண்ணீர் மெலியும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டன் சூடாகி இறுகிவிடும். கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் அப்படி நின்றுபோனால், பக்கத்தில் வேறு வள்ளம் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வதைத் தவிர வழியில்லை.

கரையிலிருந்து நேராக அலைக்குள் இறக்கும் வள்ளங்களில் இந்த ரப்பர் சீக்கிரம் தேயும். காரணம், தண்ணீரோடு உள்ளே போகும் மணல். ‘ஓடுதா பார்ப்போம்’ என்று கரையில் தண்ணீரில்லாமல் எஞ்சினை ஓட்டுவது அதைவிட மோசம். சில நொடிகளிலேயே ரப்பர் கருகத் தொடங்கிவிடும்.

பழைய எஞ்சின் என்றால், மாற்று இம்பெல்லரைத் தேடுவதே தனி வேட்டை. ‘8 குதிரைத்திறன் எஞ்சினுக்கு’ என்று கடையில் கேட்டால் போதாது. ஒரே கம்பெனி, ஒரே குதிரைத்திறன், ஆனால் வருடம் மாறினால் பாகமும் மாறலாம். தண்டிலும் 15 அங்குலம், 20 அங்குலம் என வெவ்வேறு நீளம் உண்டு. எஞ்சினைப் படகில் இறுக்கும் பிராக்கெட்டில் மாடல் எண், வரிசை எண் பொறித்த சின்னத் தகடு இருக்கும். உப்பு அதை அரித்துவிடும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்து வைப்பது புத்திசாலித்தனம். கழற்றிய பழைய பாகத்தையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

கடையில் கிடைக்காததை, ஓடாமல் மூலையில் கிடக்கும் பழைய எஞ்சின்களிலிருந்து மெக்கானிக்குகள் கழற்றித் தருவார்கள். பிராக்கெட், கியர் உறை, ஃப்ளைவீல் போன்ற உலோகப் பாகங்களை அப்படி வாங்கலாம். ரப்பர், ஆயில் சீல், கேஸ்கட் மூன்றையும் பழையதில் வாங்கவே கூடாது. மிச்சமாகும் காசு ஒரு நாள் மீன்பாட்டுக்குக்கூட ஈடாகாது.

மாட்டும்போது இரண்டு விஷயங்களைப் பலர் கோட்டைவிடுகிறார்கள். பழைய ரப்பரில் ஓர் இறகு உடைந்திருந்தால், அந்தத் துண்டு கிடைக்கும்வரை தேட வேண்டும். இல்லாவிட்டால் அது நீர்ப்பாதையில் போய் அடைத்துக்கொள்ளும். அடுத்தது, தண்டையும் இம்பெல்லரையும் சேர்த்துப் பிடிக்கும் சின்ன உலோகச் சாவி. அது நழுவிவிட்டால் தண்டு சுற்றும், ரப்பர் சும்மா நிற்கும். கியர் ஆயில் பால் நிறத்துக்கு மாறியிருந்தால் சீல் வழியே கடல் உள்ளே நுழைந்துவிட்டது என்று அர்த்தம். அதையும் அப்போதே மாற்றிவிடலாம்.

பெரும்பாடு, போல்ட் கழற்றுவதுதான். அலுமினியத்துக்குள் இறுகிய போல்டை உப்பு விடாது. முரட்டுத்தனமாகத் திருகினால் தலை முறியும். துருநீக்கும் எண்ணெய் ஊற்றி இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் இதமாகச் சூடுகாட்டித்தான் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது கிரீஸ் தடவினால், அடுத்த முறை கை வலிக்காது. தண்டில் இருக்கும் துத்தநாகக் கட்டிக்கு மட்டும் பெயின்ட் அடிக்கக் கூடாது. அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் அரிபடத்தான் அது அங்கே இருக்கிறது.

வள்ளம் கவிழ்ந்து எஞ்சினே மூழ்கிவிட்டால்? வெளியே எடுத்ததும் நல்ல தண்ணீரில் அலசி, பிளக்கைக் கழற்றி உள்ளிருக்கும் நீரை வடித்து, எண்ணெய் விட்டு, அன்றைக்கே ஓடவைக்க வேண்டும். மெக்கானிக் வர நாளாகும் என்றால், வெயிலில் காயவைப்பதுதான் பெரிய தப்பு. காற்றுப் பட்டதும் துரு தொடங்கிவிடும். அவர் வரும்வரை நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்முக்குள்ளேயே எஞ்சின் மூழ்கிக் கிடக்கட்டும்.