பெயர் ஏட்டில் இல்லாதபோது...

வெளிநாட்டுப் பயணத்திற்கோ அங்கே குடியேறவோ விண்ணப்பிக்கும்போது, மண்டைக்காட்டிலும் அதனை அடுத்த கடலோர ஊர்களிலும் நாம் பங்கு அலுவலகத்தை நாடிச் சென்று திருமுழுக்குச் சான்றிதழ் கேட்பது உண்டு. பதிவேட்டைப் புரட்டினால் நம் பெயரும் பெற்றோர் பெயரும் கிடைத்துவிடும். அப்படி ஓர் ஏடு இல்லாதவர், தாம் இன்னாரின் வழிவந்தவர் என்பதை எதைக் கொண்டு நிரூபிப்பார்?

இக்கேள்வி விவிலியத்திலேயே எழுகிறது. பாபிலோனிலிருந்து திரும்பியவர்களைக் குறிப்பிடும் எஸ்ரா நூலின் 2-ஆம் அதிகாரம், தங்கள் தலைமுறையை நிரூபிக்க இயலாத 652 பேரைப் பற்றிக் கூறுகிறது. தலைமுறை அட்டவணையில் பெயர் காணப்படாத சில குருக்களின் குடும்பங்கள் குருத்துவப் பணியிலிருந்து விலக்கப்பட்டன.

இன்றும் யூதர்கள் இதே கேள்வியைச் சந்திக்கின்றனர். 1950-இல் இஸ்ரயேல் நாடு இயற்றிய சட்டம், யூதர் எவரும் அங்கே குடியேறலாம் என்றது. 1970-இல் செய்யப்பட்ட திருத்தம், யூதரின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அவர்களது துணைவர்களுக்கும் இவ்வுரிமையை விரிவாக்கியது. விண்ணப்பிப்போர் பெற்றோர் அல்லது தாத்தா பாட்டியின் பிறப்பு, திருமண ஆவணங்கள், 'கெத்துபா' எனப்படும் யூதத் திருமண ஒப்பந்தம், ரபி தரும் கடிதம் போன்றவற்றைக் காட்ட வேண்டும். ஒரு தலைமுறையின் சான்று அடுத்ததோடு சங்கிலிபோல் இணைய வேண்டும்; ஒரு கண்ணி அறுந்தாலும் சிக்கல்தான்.

நம் நாட்டிலும் இதற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. கொச்சி யூதர்களிடம் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஏறத்தாழ கி.பி. 1000-இல் யோசேப்பு ரப்பானுக்கு வழங்கிய செப்பேடு இருக்கிறது. கொங்கணக் கரையின் பெனே இஸ்ரயேல் மக்களிடமோ அத்தகைய பழைய ஏடு இல்லை. எண்ணெய் ஆட்டிப் பிழைத்த அவர்கள் சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால், அயலார் அவர்களை 'சனிவார் தேலி', அதாவது 'சனிக்கிழமை வாணியர்' என்றனர். ஓய்வுநாளும் விருத்தசேதனமும் பரம்பரையாகச் சொல்லிவந்த செபமுமே அவர்களின் சான்றுகள்.

அவர்களில் பலர் இஸ்ரயேலில் குடியேறினர். குடியேறிய பின்னும் சோதனை தீரவில்லை. அங்கே யூதரின் திருமணம் ரபிகளின் அதிகாரத்தில் உள்ளது. 1962-இல் தலைமை ரபிகள் அவை, பெனே இஸ்ரயேலர் பிற யூதரை மணக்க விரும்பினால் தாய்வழி முன்னோரை இயன்றவரை பின்னோக்கி ஆராய வேண்டும் எனப் பணித்தது. நாட்டுக்குள் வரவேற்கப்பட்டவர்கள் மணமேடையில் ஐயத்துக்குரியவர்கள் ஆயினர். அவர்கள் போராடினர். 1964 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவர்கள் எல்லா வகையிலும் யூதர்களே என்று அறிவித்தது. பின்னர் அந்த ஆணையிலிருந்து அவர்களின் பெயர் நீக்கப்பட்டது.

நமது திருச்சபையைத் தொடும் வழக்கும் ஒன்று உண்டு. போலந்தில் யூதப் பெற்றோருக்குப் பிறந்த ஓஸ்வால்டு ருஃபைசன், நாசிக் காலத்தில் மீர் நகர யூதர் பலரைத் தப்புவித்தவர். கன்னியர் மடத்தில் மறைந்திருந்தபோது கத்தோலிக்கரானார். பின்னர் கார்மேல் சபைத் துறவியாகி, சகோதரர் தானியேல் எனப்பட்டார். யூதர் என்ற உரிமையில் குடியுரிமை கேட்டபோது, 1962-இல் இஸ்ரயேல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. பிறப்பு பற்றி ஐயமில்லை. மதம் மாறியதே தடையானது. எனினும் வேறு வழியில் குடியுரிமை பெற்று, 1998-இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார்.

ஒரு நாடு சான்று கேட்பது தவறல்ல. ஆனால் சான்று இல்லாமை வேறு, பொய் வேறு. கடல் கடந்தவர்கள், போரில் வீடிழந்தவர்கள், எழுத்தறியாத ஏழைகள் ஆகியோரின் வரலாறு பெரும்பாலும் ஏட்டில் இருப்பதில்லை. நம் மாவட்ட முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழ்ச் சகோதரர் பலரும் இத்துன்பத்தை அறிவர்.

ஆகவே நம் குடும்பத்தின் திருமுழுக்கு, திருமணப் பதிவுகளில் பெயர்களும் தேதிகளும் பிழையின்றி எழுதப்பட்டுள்ளனவா எனப் பார்ப்போம். நம் பேரப்பிள்ளைகளுக்கு அவை தேவைப்படலாம். ஏடின்றி நம் பங்கிற்கு வருவோரை ஐயத்தோடு அல்ல, பொறுமையோடு கேட்போம். எஸ்ரா நூலின் அந்த 652 பேரை எவரும் பாபிலோனுக்குத் திருப்பி அனுப்பியதாக விவிலியம் கூறவில்லை. பெயரை ஏட்டில் காட்ட இயலாவிட்டாலும், திரும்பி வந்தோரின் கணக்கில் அவர்களும் இருக்கிறார்கள்.