சிறு சரக்குந்து அதிர்வு

சிறு சரக்குந்து அதிர்வு என்பது பழைய சிறு சரக்கு வண்டிகள் ஓடும்போது தோன்றும் குலுக்கல், நடுக்கம், துள்ளல் ஆகியவற்றைக் குறிக்கும். சக்கரம், வில், திசைமாற்றி, செலுத்து தண்டு, எந்திரம் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இதற்குக் காரணமாகலாம். அதிர்வு எப்பொழுது, எவ்வேகத்தில், எவ்விடத்தில் உணரப்படுகிறது என்பதை அறிந்தால், நல்ல பாகங்களைக் கழற்றி மாற்றும் வீண்செலவைத் தவிர்க்கலாம். சில அதிர்வுகள் விபத்தின் முன்னறிகுறிகளும் ஆகும்.

பின்னணி

டாட்டா ஏஸ் 2005 ஆம் ஆண்டில் அறிமுகமானது. 702 கன செ.மீ. கொள்ளளவுள்ள இரு உருளை டீசல் எந்திரத்துடன் வெளிவந்த இவ்வண்டி தமிழ்நாட்டில் பேச்சு வழக்கில் குட்டி யானை எனப்படுகிறது. அசோக் லேலண்ட் தோஸ்த் 2011 இல் வெளிவந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தின் நாவலூர், கேளம்பாக்கம், கோவளம் போன்ற ஊர்களில் கட்டுமானப் பொருள், குடிநீர், மீன் முதலியவற்றை இத்தகைய வண்டிகள் ஏற்றிச் செல்கின்றன. இவற்றுள் பலவும் ஓட்டுநரே உரிமையாளராக உள்ள வண்டிகள். எனவே வண்டி பட்டறையில் நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும்.

இயல்பான அதிர்வு

சரக்குந்துகளின் பின்பக்க லீஃப் ஸ்பிரிங்குகள் முழுச்சுமையைத் தாங்குமாறு அமைக்கப்படுகின்றன. வில்லின் விறைப்பு மாறாமல் அதன் மேலுள்ள நிறை பாதியானால், அதிர்வெண் ஏறத்தாழ 1.4 மடங்காகும். ஆகவே வெற்று வண்டி துள்ளுவது மட்டுமே பழுதாகாது. சுமை ஏற்றிய பின்னும் குலுக்கல் தொடர்ந்தால் ஆராய வேண்டும்.

வேகத்தைக் கொண்டு அறிதல்

- வண்டி நிற்கும்போதே நடுங்கினால், எந்திரத்தையும் அதைத் தாங்கும் ரப்பர்களையும் பார்க்க வேண்டும். இரு உருளை எந்திரத்தில் ஓரளவு நடுக்கம் இயல்பு.
- குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் நடுங்கினால், சக்கரச் சமநிலைக் குறைவையோ டயரின் கோணலையோ ஐயுறலாம். 12 அங்குலச் சக்கரத்தில் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.7 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அது நொடிக்குச் சுமார் 10 முறை சுழலும். அச்சும் சக்கரமும் தாமாகத் துள்ளும் அதிர்வெண்ணும் இதையொட்டியே அமைவதால், ஒத்ததிர்வு ஏற்பட்டு நடுக்கம் பெருகுகிறது.
- பிரேக் அழுத்தும்போது மட்டும் நடுங்கினால், பிரேக் டிரம் அல்லது டிஸ்க் கோணியிருக்கலாம்.
- வண்டி புறப்படும்போதும் இழுக்கும்போதும் அடிப்பகுதி அதிர்ந்தால், செலுத்து தண்டின் கிராஸ் இணைப்புகள் தேய்ந்திருக்கலாம்.

சோதிக்கும் முறை

செலவில்லாத சோதனைகளிலிருந்து தொடங்குவது நலம். முதலில் காற்றழுத்தம், சக்கர நட்டுகளின் இறுக்கம், டயரின் புடைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். டயர் குழிகுழியாகத் தேய்ந்திருந்தால், ஷாக் அப்சர்பர் தளர்ந்திருக்கக்கூடும். வண்டியை அழுத்தி விட்டுப் பார்க்கும் சோதனை லீஃப் ஸ்பிரிங் வண்டிகளில் முழு நம்பகமானதன்று. ஏனெனில் பட்டைகளின் உராய்வே துள்ளலை ஓரளவு அடக்கிவிடும். ஷாக் அப்சர்பரில் எண்ணெய்க் கசிவு உள்ளதா எனப் பார்ப்பது தெளிவான அடையாளம்.

அடுத்து, முன்சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, வண்டிக்கு முட்டுக் கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைக்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால், மற்றொருவர் பிரேக்கை அழுத்தட்டும். அப்போது ஆட்டம் மறைந்தால் பேரிங்கிலும், மறையாவிட்டால் கிங் பின்னிலும் தேய்மானம் உள்ளது எனக் கொள்ளலாம். பக்கவாட்டில் மட்டும் ஆட்டம் இருந்தால், டை ராட் முனைகளை ஆராய வேண்டும்.

பின்னர் லீஃப் ஸ்பிரிங்கின் பட்டைகள், புஷ்கள், யு போல்ட்டுகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சென்டர் போல்ட் முறிந்தால் அச்சு இடம் பெயரும். முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தொலைவை இருபுறமும் அளந்தால் இது புலப்படும்.

கடலோரச் சூழல்

உப்புக் காற்றும், மீன் பெட்டிகளிலிருந்து வடியும் உப்புநீரும் பட்டைகளுக்கு இடையே துருவை வளர்க்கின்றன. துரு ஏறிய பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் இறுகுவதால் குலுக்கல் கூடும். நாளடைவில் பட்டையில் விரிசலும் விழும். நன்னீரால் அடிப்பகுதியை அடிக்கடி கழுவுதல் இதைக் குறைக்கும்.

உடனே நிறுத்த வேண்டியவை

தளர்ந்த சக்கர நட்டு, புடைத்த டயர், முறிந்த பட்டை, அச்சு விலகல், திசைமாற்றியில் திடீர் உதறல் ஆகியவை காணப்பட்டால் வண்டியை ஓட்டக் கூடாது. பதிவாகி எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டிகள் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். எனினும், இரு சான்றுகளுக்கு இடைப்பட்ட காலத்தில் தோன்றும் பழுதை ஓட்டுநரே முதலில் உணர முடியும்.