விடுதியில் உடனுறையும் பட்டதாரி உதவியாளர்

முதன்முறையாகப் பல்கலைக் கழகத்துக்குப் புறப்படும் பிள்ளையின் பெட்டியைத் தாய் தன் கையாலேயே அடுக்கிக் கொடுக்கின்றாள். தந்தை விடுதிவரை உடன்சென்று, கட்டிலையும் மேசையையும் பார்த்து, பத்திரங்களிற் கையொப்பமிட்டுத் திரும்புகின்றார். பேராசிரியர்கள் எத்தகையோர், நூல்நிலையம் எத்துணைப் பெரிது என்பனவற்றையெல்லாம் அவர்கள் முன்னரே விசாரித்து அறிந்திருப்பர். ஆயின் ஒரு வினாவை மட்டும் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. விரிவுரைகள் முடிந்து, காரியாலயங்கள் பூட்டப்பட்டு, ஆசிரியர்கள் தத்தம் இல்லம் சென்ற பின்னர், நள்ளிரவில் அப்பிள்ளைக்கு ஓர் இடர் நேர்ந்தால் யாருடைய கதவைத் தட்டுவது?

அவ்வினாவுக்கு அமெரிக்கப் பல்கலைக் கழகங்கள் கண்ட விடையே விடுதியில் உடனுறையும் பட்டதாரி உதவியாளர் என்னும் பதவி. முதற் பட்டம் பெற்று மேற்பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒருவர், இளைய மாணவர் விடுதியிலேயே தாமும் குடியிருந்து, அவர்தம் நலனையும் ஒழுங்கையும் கவனிப்பதே அப்பதவியின் சாரமாகும். அவர் ஆசிரியருமல்லர்; காவலருமல்லர்; மருத்துவருமல்லர். எனினும் இம்மூவருக்கும் முன்னதாக மாணவன் கண்ணிற்படுபவர் அவரே.

கற்போரும் கற்பிப்போரும் ஒரே கூரையின்கீழ் உறைதல் வேண்டும் என்னும் கருத்து பழமையானது. நம்மவர் குருகுலம் என்பர். ஆங்கிலேயர் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் கல்லூரிகளைச் சுட்டுவர். அமெரிக்காவில் அக்கருத்துக்குப் புத்துயிர் அளித்தவருள் ஒருவர் ஹார்வர்ட் பல்கலைக் கழகத் தலைவராயிருந்த லோவல் என்பார். எட்வர்ட் ஹார்க்னெஸ் என்னும் செல்வர் 1928-ஆம் ஆண்டில் அளிக்க முன்வந்த பெருங்கொடையைக் கொண்டு, ‘இல்லங்கள்’ எனப்பட்ட விடுதிகள் அங்கு எழுந்தன. அவற்றுள் முதலிரண்டு 1930-இல் திறக்கப்பட்டன. யேல் பல்கலைக் கழகம் 1933-இல் அவ்வழியைப் பின்பற்றியது. ஹார்வர்ட் இல்லங்களில் மாணவருடன் உறையும் துணையாசிரியருட் பலர் இன்றும் மேற்பட்ட மாணவரேயாவர்.

பெரிய அரசாங்கப் பல்கலைக் கழகங்களில் ஏற்பாடு சற்று வேறானது. அங்கே ஒரு கட்டிடத்திற் பல நூறு மாணவர் வாழ்வர். ஒவ்வொரு மாடிக்கும் மூத்த மாணவர் ஒருவர் உதவியாளராக இருப்பார். அம்மாடி உதவியாளர்களை மேற்பார்வை செய்து, வாரந்தோறும் அவர்களோடு அமர்ந்து குறைகேட்டு, வழிகாட்டுபவர் பட்டதாரி உதவியாளர். அவருக்கு மேலே முழுநேர விடுதி அதிகாரி ஒருவர் உண்டு.

முற்காலத்திற் பல்கலைக் கழகம் பெற்றோரின் இடத்தில் நின்று மாணவரை ஆளும் என்பதே அமெரிக்கச் சட்டத்தின் நோக்காயிருந்தது. எத்தனை மணிக்கு விடுதி திரும்புதல் வேண்டும், யார் யாரைச் சந்திக்கலாம் என்றெல்லாம் கட்டளைகள் இருந்தன. இந்நிலை 1960-களில் மாறிற்று. சமவுரிமை கோரி மறியல் செய்த கறுப்பின மாணவர் சிலரை அலபாமா மாநிலக் கல்லூரியொன்று விசாரணையின்றி நீக்கியது. 1961-ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அது தவறெனத் தீர்ப்பளித்தது. வாக்குரிமை வயது 1971-இற் பதினெட்டாகக் குறைக்கப்பட்டது. மாணவரின் பதிவேடுகளை அவர்தம் இசைவின்றிப் பிறர்க்குக் காட்டலாகாது என்னும் சட்டம் 1974-இல் வந்தது. இவ்வாறு மாணவர் வயதுவந்தோராயினர். பல்கலைக் கழகம் தந்தையின் கோலைக் கீழே வைத்தது. கோலை வைத்துவிடலாம், கவலையை வைத்துவிடுதல் இயலுமா? பதினெட்டு வயதினர் சட்டத்தின் கண்ணுக்கு முழு மனிதரெனினும், வீட்டை விட்டு வந்த முதல் மாதத்தில் அவர் பாதிப் பிள்ளையே. ஆளும் அதிகாரம் நீங்கிய பின்னர் எஞ்சிய கவலையைச் சுமப்பவராகவே பட்டதாரி உதவியாளர் நிற்கின்றார்.

அவருடைய ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், மாணவர் வருமுன்னரே தொடங்கிவிடும். பயிற்சி வகுப்புக்கள் நடைபெறும். அறைகள் ஒவ்வொன்றாகப் பார்வையிடப்படும். மாணவர் வந்த முதல் வாரங்களில் எழும் வழக்குகள் பெரும்பாலும் சிறியவை. முன்பின் அறியாத இருவர் ஓர் அறையில் வாழவேண்டியிருக்கின்றது. ஒருவர் பத்து மணிக்கு உறங்குபவர். மற்றவர் இரண்டு மணிவரை விளக்கெரிப்பவர். ஒருவரின் நண்பர்கள் மற்றவரின் கட்டிலில் அமர்ந்து உரையாடுவர். இவை சிறியவையெனத் தள்ளத்தக்கவையல்ல. உறக்கமின்றி மூன்று வாரம் கழித்தவர்க்குப் படிப்பும் கசக்கும், மனிதரும் கசப்பர். ஆதலின் தொடக்கத்திலேயே அறைத் தோழர் இருவரையும் அமரச் செய்து, விளக்கணைக்கும் நேரம், விருந்தினர் வருகை, ஒருவர் பொருளை மற்றவர் எடுத்தல் ஆகியன பற்றி ஓர் உடன்படிக்கை எழுதுவிப்பது அங்கு வழக்கம். பிணக்கு நேரும்போது உதவியாளர் தீர்ப்பு வழங்குவதில்லை. அவர்களே எழுதிய தாளை அவர்கள் முன் விரித்து வைக்கின்றார்.

ஏறக்குறைய ஆறாம் வாரத்தில் வேறொரு துன்பம் தலைகாட்டும். வந்த புதுமை நீங்கிவிடும். முதற் பரீட்சைப் பெறுபேறுகள் எதிர்பார்த்தவாறு அமையா. வீட்டு நினைவு வாட்டும். உணவறைக்கு வாராதவர் யார், கதவைத் திறவாதவர் யார் என்று கவனிப்பதே அப்போது உதவியாளரின் பெரும்பணி. நவம்பர் மாதத்தில் நன்றி நவிலும் திருநாளுக்கு மற்றையோர் வீடு செல்ல, அயல்நாட்டு மாணவர் சிலர் வெறிச்சோடிய கட்டிடத்தில் எஞ்சுவர். அன்றும் உதவியாளர் அறையிற் பெரும்பாலும் விளக்கெரியும்.

இரவு முறை இப்பதவியின் கடுமையான பகுதி. முறைக்கு நிற்பவர் கையில் விடுதித் தொலைபேசி இருக்கும். அவர் மாடி மாடியாக நடந்து, வாயிற் கதவுகள் பூட்டியுள்ளனவா எனத் தொட்டுப் பார்ப்பார். இஃது அற்பக் காரியமாகத் தோன்றலாம். 1986-ஆம் ஆண்டில் பென்சில்வேனியா மாநிலத்து லீஹை பல்கலைக் கழக விடுதியில், உறங்கிக்கொண்டிருந்த ஒரு மாணவி கொலையுண்டார். தாமாகப் பூட்டிக்கொள்ளவேண்டிய கதவுகள் பூட்டாதவாறு முட்டுக் கொடுத்துத் திறந்து விடப்பட்டிருந்தமையாற் கொலையாளி எளிதாக உள்ளே புகுந்தான். அப்பெற்றோரின் முயற்சியால், வளாகத்தில் நிகழும் குற்றங்களைப் பல்கலைக் கழகங்கள் வெளிப்படையாக அறிவித்தல் வேண்டுமெனும் சட்டம் 1990-இல் இயற்றப்பட்டது. குற்றத்தைக் கேட்டறிந்தால் அறிவிக்கக் கடமைப்பட்டோருள் விடுதியில் உறையும் உதவியாளரும் அடங்குவர்.

தீயணைப்புப் பயிற்சியும் இத்தகையதே. 2000-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் திகதி அதிகாலையில் நியூ ஜேர்சி மாநிலத்துச் செற்றன் ஹோல் பல்கலைக் கழக விடுதியொன்றிற் பற்றிய தீயில் மூன்று மாணவர் இறந்தனர். அதற்கு முன்னர் அங்குப் பொய்யான அபாயமணி பன்முறை ஒலித்திருந்தமையால், மெய்யான மணியையும் பலர் பொருட்படுத்தாது கிடந்தனர். நள்ளிரவிற் குளிரில் மாணவரை வெளியேற்றும் உதவியாளரை அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே பின்தொடர்வர். அம்முணுமுணுப்பைப் பொறுத்துக்கொள்வதும் அவர் பணியின் ஓர் அங்கமே.

மதுவைப் பற்றிய சிக்கல் இதனினும் நுண்ணியது. அமெரிக்காவில் மது வாங்கும் வயது இருபத்தொன்று. அதனை நாடெங்கும் ஒன்றாக்க வழிசெய்த சட்டம் 1984-இல் வந்தது. விடுதி மாணவருட் பலர் அவ்வயதை எய்தாதோர். மிகுதியாகக் குடித்து உணர்விழந்து கிடக்கும் தோழனைக் கண்டவர், தமக்கும் தண்டனை வருமோ என்றஞ்சி உதவிக்கு அழையாது விடலாம். அவ்வச்சத்தால் ஓர் உயிர் போகலாம். ஆதலினாலேயே, உதவி கோரி அழைப்போரைத் தண்டியாது விடும் விதியைப் பல மாநிலங்களும் பல்கலைக் கழகங்களும் ஏற்றுள்ளன. ‘ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியே விட்டுச் செல்லாதீர்கள், உடனே அழையுங்கள்’ என்னும் மூன்று சொற்களையும் உதவியாளர் ஆண்டின் தொடக்கத்திலேயே மாணவர் மனத்திற் பதியவைப்பார்.

இனி, இப்பதவியின் நடுநாடியான செய்திக்கு வருவோம். ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு ஒரு மாணவி கதவைத் தட்டுகின்றாள். உள்ளே வந்தமர்ந்து நெடுநேரம் பேசாதிருக்கின்றாள். பின்னர், “ஒன்று சொல்லவேண்டும், ஆனால் ஒருவரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குத் தாருங்கள்” என்கின்றாள். அனுபவமற்றவர் அன்பினால் உடனே வாக்களித்துவிடுவர். பயிற்சி பெற்றவர் அவ்வாறு செய்யார். “உங்கள் செய்தியை வீண்பேச்சாக்கமாட்டேன். ஆனால் உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்தென்றாலும், உங்களுக்கு எவரேனும் தீங்கிழைத்தார் என்றாலும், உரியவரிடம் சொல்லவேண்டிய கடமை எனக்கு உண்டு. அதனை அறிந்துகொண்டு, விரும்பினாற் சொல்லுங்கள்” என்பார். மாணவி எழுந்து சென்றுவிடவும் கூடும். எனினும் தரமுடியாத வாக்கைத் தந்து பின்னர் மீறுவதைக் காட்டிலும், முன்னரே உண்மை கூறுதல் அறமாகும். அவ்வாறு செல்பவரையும் அவர் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. இரகசியம் காக்கச் சட்டம் இடந்தரும் உளநல ஆலோசகர் இருக்குமிடத்தைச் சொல்லியே அனுப்புவார்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டோ என்று நேராகக் கேட்கலாமா? கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டியதாகாதா? இவ்வச்சம் நம் நாட்டிலும் உண்டு. கேட்பதனால் அவ்வெண்ணம் பிறப்பதில்லை என்பதே இத்துறை அறிஞரின் முடிபு. கேட்கப்பட்டவர் பலர் ஆறுதலே அடைவர். ஆதலின் உதவியாளர் மழுப்பாமற் கேட்கவும், விடையை அமைதியாகச் செவிமடுக்கவும் பயிற்றப்படுகின்றார். பின்னர் அம்மாணவரைத் தனியே விடாது, ஆலோசகரிடம் சேர்க்கும்வரை உடனிருப்பார். நாடெங்கும் இத்தகைய நெருக்கடிக்கு 988 என்னும் தொலைபேசி எண் 2022 ஜூலை முதல் இயங்குகின்றது. நோயைத் தீர்ப்பது அவர் வேலையன்று. தீர்ப்பவர் கையில் ஒப்படைக்கும்வரை கையை விடாதிருப்பதே அவர் வேலை.

இத்துணைப் பொறுப்புக்குக் கைம்மாறு யாது? பொதுவாக இலவச அறை, உணவு, சிறு படி, பலவிடங்களிற் கல்விக் கட்டண விலக்கு ஆகியன கிடைக்கின்றன. வேலைநேரம் வாரத்துக்கு ஏறக்குறைய இருபது மணி என்று தாளில் எழுதப்பட்டிருக்கும். அயல்நாட்டு மாணவர் கல்வித் தவணையின்போது வளாகத்தினுள் வாரத்துக்கு இருபது மணிக்கு மேல் வேலைசெய்தல் ஆகாதென்பது அங்குள்ள விசாவின் விதியுமாம். ஆயின் கதவைத் தட்டுவோர் கடிகாரத்தைப் பார்த்துத் தட்டுவதில்லை. தொழிலின் நிபந்தனையாக அங்கு உறைய நேர்வதால், அவ்வறையின் பெறுமதிக்குப் பொதுவாக வருமான வரி இல்லை. அவர் அங்கு வாழ்வது தமது வசதிக்காகவன்று, பல்கலைக் கழகத்தின் தேவைக்காகவே என்பதை வரிச் சட்டமே ஒப்புக்கொள்கின்றது எனலாம்.

தொழிலும் இல்லமும் ஒன்றாயிருப்பதில் ஒரு நுண்ணிய துன்பம் உண்டு. மற்றையோர் வேலை முடிந்து வீடு திரும்புவர். இவர் திரும்புவதற்கு வேறு வீடில்லை. நேற்று யாரைப் பற்றி முறைப்பாடு எழுதினாரோ அவரோடு இன்று காலையுணவு வரிசையில் நிற்கவேண்டும். மேசைமேல் தம் ஆய்வுக் கட்டுரை பாதியிற் கிடக்கும். பதவியை இழந்தால் தலைக்குமேலுள்ள கூரையையும் இழப்பார். அதனால் நியாயமான குறையைச் சொல்லவும் சிலர் தயங்குவர். மசச்சூசெற்ஸ் மாநிலத்து அம்ஹேர்ஸ்ற் பல்கலைக் கழகத்தின் மாடி உதவியாளர்கள் 2002-ஆம் ஆண்டில் தொழிற்சங்கம் அமைக்க வாக்களித்தமை இப்பின்னணியில் நோக்கத்தக்கது. கொள்ளைநோய் பரவிய 2020 மார்ச்சில் விடுதிகள் அவசரமாக ஒழிக்கப்பட்டபோது, போக இடமின்றி எஞ்சிய மாணவருக்காக உடனிருந்தோருள் இவ்வுதவியாளரும் இருந்தனர்.

ஆதலின், இலவச அறைக்காக மட்டும் இப்பதவியை நாடுவோர் விரைவிற் சலிப்படைவர். நம் நாட்டிலிருந்து மேற்படிப்புக்குச் செல்லும் இளைஞரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். இரவில் எழுப்பப்படுவதைப் பொறுப்பாரா, ‘இல்லை’ என்பதைக் கனிவோடு சொல்லவல்லாரா என்பனவற்றை அவர்கள் முதலில் தம்மையே கேட்டுக்கொள்ளுதல் நன்று.

இச்செய்தி நமக்கு அந்நியமானதன்று. கொழும்பில் 1942-இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக் கழகத்தை, மாணவர் உடனுறைந்து கற்கும் கழகமாக்கவேண்டும் என்று ஐவர் ஜெனிங்ஸ் விழைந்தார். 1952-இல் அது பேராதனைக்குப் பெயர்ந்தது. அருணாசலம், இராமநாதன் முதலியோர் பெயர் தாங்கிய விடுதிகள் மலைச்சாரலில் நிமிர்ந்தன. விடுதிக் காப்பாளரும் உப காப்பாளரும் அவ்வமைப்பின் உயிர்நிலையாகக் கருதப்பட்டனர். பிற்காலத்திற் பகடிவதை என்னும் கொடுமை அவ்விடுதிகளிற் புகுந்தது. 1997-இற் பேராதனை மாணவர் ஒருவர் அதனால் உயிரிழந்தார். அடுத்த ஆண்டிலேயே, 1998-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கச் சட்டம் பகடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டம் வேண்டியதே. எனினும் நள்ளிரவில் விடுதி நடையில் ஒரு புதுமுக மாணவன் நடுங்கி நிற்கும்போது, சட்டப் புத்தகம் கதவைத் திறந்து வெளியே வருவதில்லை. அங்கே உறையும் ஒரு மனிதரே வரவேண்டும்.

பிள்ளையை விடுதியில் விட்டுத் திரும்பும் தந்தை, கட்டிலையும் மேசையையும் பார்த்ததோடு நில்லாது, “இங்கே இரவில் இருப்பவர் யார்? அவருடைய அறை எது?” என்றும் கேட்டறிதல் வேண்டும். அவ்வறையைப் பிள்ளைக்கும் காட்டிவிட்டு வருவாராயின், அவர் கொடுத்தனுப்பிய பொருள்கள் யாவற்றினும் அதுவே பயனுடையதாக அமையக்கூடும்.